தடுப்பில் இருப்பவரோடு புனர்வாழ்வுக்காகக் கதைப்பது எப்படி: யாழ்ப்பாணப் பணியாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டு உள்ளே இருப்பவரையோ, புனர்வாழ்வு முடித்து ஊர் திரும்பியவரையோ சந்தித்து, அவர் மறுபடி வாழத் தொடங்க என்ன தேவை என்று அறியும் வேலை உளவளத்துணையாளருக்கும் சமூக சேவை உத்தியோகத்தருக்கும் சிறைச்சாலை நலன்புரி உத்தியோகத்தருக்கும் வருகிறது. தொண்டு நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் வருகிறது. ஒரு படிவத்தைக் கையில் கொடுத்து ‘நாளைக்குப் போய் நிரப்பிக்கொண்டு வாங்கோ’ என்பதோடு அவர்களுக்கான பயிற்சி பல இடங்களில் முடிந்துவிடுகிறது. அந்தப் படிவத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

உங்கள் முன் இருப்பவரை உங்களுக்கு முன்பே பலர் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளின் சாயல் உங்கள் பேச்சில் கொஞ்சம் தட்டுப்பட்டாலும், அவர்களுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்லுவார். ஆள், அறை, தாள், கோப்பு எல்லாவற்றிலும் விசாரணையிலிருந்து பிரிந்து நிற்காத நேர்காணலால் புனர்வாழ்வுக்கு ஒரு பயனும் கிடையாது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தப் பிரிவைக் காப்பதற்கானவை.

படி 1: சட்டத்தின் முன் அவர் எங்கே நிற்கிறார் என்று அறியுங்கள்

பயங்கரவாதத் தடைச் சட்டம், அதாவது 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், தற்காலிக ஏற்பாடாக வந்து 1982இல் நிரந்தரமானது. அதன் 9ஆம் பிரிவின்படி அமைச்சர் தடுப்புக்காவல் உத்தரவு இடலாம். மூன்று மூன்று மாதமாக 18 மாதம் வரை நீட்டலாம் என்றிருந்ததை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 12 மாதமாகக் குறைத்தது. சட்டத்தரணியைச் சந்திக்கவும் உறவினரோடு தொடர்புகொள்ளவும் அதே திருத்தம் இடம் வைத்தது. நீதவான் மாதம் ஒரு தடவையாவது தடுத்து வைத்திருக்கும் இடத்துக்குப் போய் ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் 16ஆம் பிரிவில் கை வைக்கவில்லை. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை அந்தப் பிரிவு சான்றாக ஏற்கிறது. அது அடித்து வாங்கியது என்றால், அதைக் காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்தான். இந்தச் சட்டத்தை மாற்றும் பேச்சு ஆட்சிக்கு ஆட்சி வந்து போவதால், வேலை தொடங்குமுன் நடப்பில் உள்ளது என்ன என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வழி தெரியாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போகலாம்.

நீங்கள் சந்திப்பவர் நாலு நிலையில் ஒன்றில் இருப்பார். தடுப்புக்காவல் உத்தரவில் இருப்பார், விளக்கமறியலில் வழக்குத் தவணைக்குக் காத்திருப்பார், தண்டனை அனுபவிப்பார், அல்லது வெளியே வந்துவிட்டிருப்பார். முதல் இரண்டு நிலையில் உள்ளவரிடம் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது. அவருடைய சட்டத்தரணிக்குத் தெரியாமல் சந்திக்கவே போகாதீர்கள்.

பலர் மறந்துவிடும் விடயம், உள்ளே இருப்பவர் எல்லாரும் எதையோ செய்தவர்கள் இல்லை. அஹ்னாப் ஜசீம் என்ற இளம் ஆசிரியரை 2020இல் கைதுசெய்தபோது காட்டப்பட்ட காரணங்களில் அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுப்பும் ஒன்று. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தீர்ப்பு வராத ஒருவரிடம் ‘திருந்த என்ன உதவி வேண்டும்’ என்று கேட்டால் நீங்களே தீர்ப்புச் சொன்னமாதிரி. 2021இல் வன்முறைத் தீவிரவாதக் கருத்து உள்ளவர்களைப் புனர்வாழ்வுக்கு அனுப்பவென்று கொண்டுவந்த ஒழுங்குவிதிகள் அடிப்படை உரிமைகளை மீறுகின்றன என்று உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. ஆகவே அவருடைய தேவைகளைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

படி 2: உங்களைச் சட்டம் எங்கே பிடிக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பயிற்சிப் பட்டறைகளில் இதை யாரும் சொல்வதில்லை. இதே சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, ஒருவர் இச்சட்டத்தின் கீழ்க் குற்றம் செய்தார் அல்லது செய்ய ஆயத்தப்படுகிறார் என்று தெரிந்தும் பொலிசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை. சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்கு இலங்கைச் சான்றுச் சட்டம் தரும் பாதுகாப்பு உளவளத்துணையாளருக்குக் கிடையாது. உங்கள் கொப்பியை நீதிமன்றம் கேட்டால் கொடுக்க வேண்டிவரும்.

ஆகையால் ‘நீங்கள் சொல்வது ஒன்றும் வெளியே போகாது’ என்ற வாக்கை ஒருநாளும் கொடுக்காதீர்கள், அது பொய். கையாள முடியாத தகவலைக் கேட்டு வாங்கவும் வேண்டாம். அவர் தானாக ஆட்களின் பெயர் சொல்லத் தொடங்கினால் மெல்ல இடைமறித்து, “அண்ணை, இது உங்கட லோயரோட கதைக்க வேண்டிய விசயம், எனக்கு வேண்டாம்” என்று சொல்லுங்கள். முகத்தில் அடித்தமாதிரி இருக்கும் என்று தயங்குவீர்கள். ஆனால் பெயரை வேண்டாம் என்று சொல்லும் ஒருவரை அவர் அநேகமாக அப்போதுதான் முதல்தடவையாகக் காண்பார். அந்த இடத்தில் நம்பிக்கை கூடுமே தவிரக் குறையாது.

படி 3: அறை, கதிரை, பை

உங்களுக்குக் கிடைக்கும் அறை உங்கள் விருப்பப்படி இராது. ஆனாலும் சிலதை மாற்றலாம். விசாரணை நடந்த அறையாக இருந்தால் மறுத்துவிடுங்கள். காவலர் கண்ணுக்குத் தெரியலாம், காதுக்கு எட்டக்கூடாது என்று கேளுங்கள். கதிரைகளை மேசைக்கு இரு பக்கமும் நேருக்கு நேர் போடாமல் சற்றுச் சரிவாகப் போடுங்கள். கதவு அவருடைய பார்வையில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் கதவு இருக்கும் ஆள் உங்களைக் கேட்க மாட்டார், கதவைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்.

மேசையில் என்ன வைக்கிறீர்கள் என்று கவனியுங்கள். சொப்பிங் பையில் பெற்றோல் ஊற்றி முகத்தை மூடிக் கட்டுவது இலங்கைத் தடுப்பு நிலையங்களைப் பற்றிய மனித உரிமை அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் சித்திரவதை. மணல் நிரப்பிய பிளாஸ்ரிக் குழாயால் அடிப்பதும் அப்படியே. உங்கள் சாப்பாட்டுப் பார்சலைச் சொப்பிங் பையோடு மேசையில் வைத்தால், அது சரசரக்கும்போது எதிரே இருப்பவரின் தோள் இறுகும். காரணம் அவருக்கே தெரிந்திராது. துணிப்பையில் கொண்டு போங்கள். வழியில் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்திருந்தால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே போங்கள்.

பெண்களைப் பெண் பணியாளரே சந்திக்க வேண்டும். பாலியல் வன்முறை நடந்ததா என்று முதல் சந்திப்பில் கேட்கவே கூடாது. முஸ்லிம் தடுப்பாளர் என்றால் தொழுகை நேரத்தையும் நோன்பையும் பார்த்து நேரம் குறியுங்கள். மே மாதத்திலும் நவம்பரிலும் முதல் சந்திப்பை வைக்க வேண்டாம். நினைவேந்தல் நாட்களையொட்டிப் புலனாய்வாளர்களின் நடமாட்டம் கூடுகிற காலத்தில் புதிதாகக் கதவைத் தட்டும் எவரும் அவர்களில் ஒருவராகத்தான் தெரிவார்.

படி 4: முதல் பத்து நிமிடம்

ஒரு மாதிரி தருகிறேன். மனப்பாடம் செய்யாமல் உங்கள் வாயில் வருகிறமாதிரி மாற்றுங்கள்.

“வணக்கம் அண்ணை. நான் உளவளத்துணை செய்யிற ஆள். பொலிஸ் இல்லை, சிஐடி இல்லை, ஆமியும் இல்லை. உங்கட வழக்கைப் பற்றி நான் ஒண்டும் கேக்க மாட்டன், நீங்களும் சொல்ல வேண்டாம். நான் எழுதப்போறது ஒரு பக்கம்தான். எழுதினதை உங்களுக்கு வாசிச்சுக் காட்டுவன், பிடிக்காததை வெட்டலாம். ஆனா கோர்ட் கூப்பிட்டுக் கேட்டால் என்னால மறைக்க ஏலாது. உங்கட உயிருக்கோ வேற ஆற்றையும் உயிருக்கோ ஆபத்தெண்டு தெரிஞ்சாலும் பேசாம இருக்க ஏலாது. இண்டைக்குக் கதைக்க விருப்பமில்லையெண்டால் நான் போயிட்டு வாறன். அதால உங்களுக்கு ஒரு கூடாத பேரும் வராது.”

கடைசி வரியைச் சொல்லுமுன் அது உண்மைதானா என்று நிறுவனப் பொறுப்பாளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். மறுத்தால் அறிக்கையில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதும் இடமாக இருந்தால், அங்கே நேர்காணல் செய்யாதிருப்பதே நேர்மை.

இளையவராக இருந்தால் ‘தம்பி’, ‘தங்கச்சி’ என்று கூப்பிடலாம், ஆனால் ‘நீங்கள்’ என்பதை விடக்கூடாது. உள்ளே அவர் கேட்டதெல்லாம் ‘நீ’, ‘டேய்’ என்பதுதான்.

சம்மதத்துக்குக் கையெழுத்து வாங்காதீர்கள். நிதி கொடுப்பவர்கள் கேட்பார்கள், அதை அவர்களோடு நீங்கள் பேசித் தீருங்கள். நாகமணி சிங்கராசா வழக்கை நினைத்துப் பாருங்கள். 1993இல் கைதான அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. சிங்களத்தில் தட்டச்சு செய்த வாக்குமூலத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. அதை வைத்து 1995இல் 50 ஆண்டுத் தண்டனை, பிறகு 35 ஆக்கினார்கள். அவருக்கு நீதியான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் சொன்னது. இந்த நாட்டில் இந்தச் சட்டத்தின் கீழ் இருக்கும் ஒருவர் முன் ஒரு தாளை நீட்டி ‘இதில ஒரு சைன் வைச்சுவிடுங்கோ’ என்றால் என்ன நினைப்பார்? வாய்ச் சம்மதம் போதும். சம்மதித்தார் என்று நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 5: கேள்விகள்

இன்றிலிருந்து தொடங்குங்கள். “உள்ள ஒரு நாள் எப்பிடிப் போகுது, விடியக் காலமையில இருந்து சொல்லுங்கோவன்.” “நித்திரை எப்பிடி?” “கடைசியா உங்களைப் பாக்க ஆர் வந்தவை?” இந்த மூன்றுக்கும் கிடைக்கும் பதிலில் உடல்நிலை, மனநிலை, குடும்பம் என்று அரைவாசி வந்துவிடும். அதன்பிறகு விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கோ கைதுக்கோ முந்திய வாழ்க்கைக்குப் போங்கள். எந்தப் பள்ளிக்கூடம், என்ன விளையாட்டு, கையால் செய்த வேலைகளில் எது பிடித்தது. இயக்கப் பெயர், பிரிவு, பொறுப்பு, ஆயுதம், இடம் ஆகிய ஐந்தையும் கேட்கக்கூடாது. தானாகச் சொன்னாலும் எழுதக்கூடாது.

நடந்ததைக் கேட்காமலே சிலர் சொல்லத் தொடங்குவார்கள். எந்த ஆண்டு, எந்த இடம், யார் கூட்டிப்போனது என்று ஒரே ஒழுங்கில், சோர்ந்த குரலில், கண் ஒரு புள்ளியில் நிற்க ஒப்புவிப்பார்கள். பல அதிகாரிகளிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை அது. நடுவில் கேள்வி போட்டால் முதலிலிருந்து தொடங்குவார். முடியும்வரை கேட்டுவிட்டு, யாரும் கேட்டிராத ஒன்றைக் கேளுங்கள். “அந்த நேரம் அம்மா என்ன சமைச்சவ?” “உங்கட சைக்கிளுக்குப் பிறகு என்ன நடந்தது?” அந்தக் கேள்விக்கு அவரிடம் ஆயத்தப் பதில் இராது. கொஞ்சம் யோசித்து, உங்களைப் பார்த்துச் சொல்லுவார். உண்மையான நேர்காணல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏன் போனார் என்பது நேரடியாகக் கேட்கக்கூடிய கேள்வி இல்லை, ஆனால் அதற்கான பதில் புனர்வாழ்வுக்கு வேண்டும். தண்டனை முடித்தவர்களோடும் வெளியே வந்தவர்களோடும், பழகிய பிறகு மட்டும், அந்தக் கதைக்குப் போகலாம். தமையனை ஆமி கொண்டுபோனதால் போனவர் உண்டு. வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாகப் பிடித்துப்போனவர் உண்டு. கொள்கைக்காகவே போனவரும் உண்டு. பிடித்துப்போனவருக்கு இயக்கத்தின்மேலும் கோபம் இருக்கும், அதைச் சொல்ல ஊரில் இடம் இராது. கொள்கைக்காகப் போனவர் இழந்தது வேறு. ஒரு பிரிவுக்குப் பொறுப்பாக இருந்து, சொன்னால் நாலு பேர் கேட்ட ஆள், இன்று மச்சானின் கடையில் மூட்டை தூக்குகிறார். இலங்கைப் புனர்வாழ்வு நிலையங்களில் ஆய்வு செய்த உளவியலாளர் ஆரி குரூக்லான்ஸ்கியும் அவருடைய குழுவினரும் அழுத்திச் சொன்னதும் இதைத்தான். தான் ஒரு பொருட்டு என்ற உணர்வைத் தேடித்தான் பலர் வன்முறைக்குப் போகிறார்கள், அந்த உணர்வு வேறு வழியில் திரும்பக் கிடைத்தால் பிடி தளர்கிறது. தையல் மெசினும் கோழிக்கூடும் கொடுத்துக் கணக்கை முடிக்கும் திட்டங்கள் அநேகமாகக் கோட்டை விடும் இடம் இது.

கருத்தை மாற்றப் போகாதீர்கள். தமிழருக்கு அரசியல் உரிமை வேண்டும் என்று நினைப்பது நோயில்லை, அதற்கு மருந்தும் இல்லை. ‘தனிநாட்டைப் பற்றி இப்ப என்ன நினைக்கிறீங்கள்’ என்ற கேள்வி சில படிவங்களில் இருக்கிறது. 1983இல் வந்த ஆறாம் திருத்தம் பிரிவினையை ஆதரிப்பதையே சட்டவிரோதமாக்கியது. அந்தக் கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்ல அவருக்கு வழியில்லை. ஆகவே அது கேள்வியில்லை, கண்ணி. படிவத்தில் இருந்தால் வெறுமையாக விடுங்கள். கேட்க வேண்டியது வன்முறையைப் பற்றி, அதையும் எதிர்காலத்தை முன்வைத்து: “கோபம் வாற நேரம் என்ன செய்வீங்கள்?” “மகன் உங்களிட்ட இந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்லுவீங்கள்?” ‘மகன் இதுக்குள்ள வரக்கூடாது’ என்று அவர் சொன்னால் பாராட்டி உரை நிகழ்த்தாதீர்கள். “அதைக் கொஞ்சம் கூடச் சொல்லுங்கோவன்” என்றால் போதும். மாற்றத்துக்கான காரணத்தை அவர் வாயாலேயே வரவிடுவதுதான் வில்லியம் மில்லரும் ஸ்டீபன் றோல்னிக்கும் வளர்த்தெடுத்த ஊக்க நேர்காணல் முறையின் உயிர்நாடி.

படி 6: உடைந்துபோகும் நேரம்

பேச்சு நடுவில் நின்று, மூச்சு வேகமாகி, பார்வை எங்கோ போய்விட்டால் கேள்வியை நிறுத்துங்கள். ‘பிறகு என்ன நடந்தது’ என்று தள்ளாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், காலை நிலத்தில் அழுத்தச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று மெதுவாகச் சொல்லுங்கள். தொடாதீர்கள். அன்று திரும்ப அந்தக் கதைக்குப் போகவும் வேண்டாம். நித்திரையின்மை, திடுக்கிடல், சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் யாழ் போதனா வைத்தியசாலையின் அல்லது தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு வழிகாட்டுங்கள். உள்ளே இருப்பவர் என்றால் சிறைச்சாலை வைத்தியர் ஊடாக.

அடித்தார்கள் என்று சொன்னால் காயத்தை நீங்கள் ஆராயவோ படம் எடுக்கவோ கூடாது. அது சட்ட வைத்திய அதிகாரியின் வேலை, அதற்கென்று இஸ்தான்புல் நெறிமுறை என்ற சர்வதேச வழிகாட்டி இருக்கிறது. அவர் சம்மதித்தால் சட்டத்தரணிக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ் பிராந்திய அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். மாதாந்தம் வரும் நீதவானிடம் சொல்லலாம் என்பதையும் அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். நாளைக் கடத்தாதீர்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

படி 7: வீடு

குடும்பத்தைச் சந்திக்காமல் திட்டம் எழுத முடியாது. சின்னம் ஒட்டிய வாகனத்தில் ஒழுங்கை வாசலில் போய் இறங்காதீர்கள், வெள்ளை வான் என்றால் நினைக்கவே வேண்டாம், ஆட்களைக் கடத்திப் போனது அதில்தான். சைக்கிளில் அல்லது ஸ்கூட்டியில், பகலில், முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். கிராம சேவகரைக் கூட்டிப் போனால் அன்று பின்னேரமே ஊருக்குத் தெரியும். தாயிடம் மகனைப் பற்றிக் கேட்குமுன் அவருடைய செலவைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கோ தெற்கே பூசாச் சிறைக்கோ ஒருதரம் போய்வர எந்த நகை அடகுக்குப் போனது என்பதிலிருந்து அந்த வீட்டின் முழு நிலைமையும் விளங்கும். மனைவியைத் தனியே சந்தியுங்கள். கணவர் இல்லாத ஆண்டுகளில் வீட்டை நடத்தியது அவர்தான். திரும்பி வருபவருக்கு வீட்டில் என்ன இடம் என்பதை மாமியார் முன்னால் சொல்ல மாட்டார்.

படி 8: ஒரு பக்கத் திட்டம்

2009இல் போர் முடிந்த பிறகு, இயக்கத்தில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்கள் ஊடாக வந்தார்கள். அவர்களில் 594 பேர் சிறுவர்கள். வந்தவர்களுக்கு இடறியது பெரும்பாலும் சின்னச் சின்ன விடயங்கள்: தொலைந்த பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, வங்கிக் கடனுக்குப் பிணை நிற்க ஆளில்லாமை, உடம்பில் இன்னும் இருக்கும் செல் துண்டு, ‘அவரோட கதைச்சால் எங்களையும் விசாரிப்பினம்’ என்று ஒதுங்கும் அயல். ஆகவே திட்டத்தில் முதலில் பத்திரங்கள், பிறகு உடம்பு, பிறகு வேலை. கால் இழந்தவருக்கு யாழ் ஜெய்ப்பூர் நிலையம் இருக்கிறது. வேலையை நீங்கள் தெரிவு செய்யாதீர்கள். குருநகர்க் கடலில் வளர்ந்தவருக்குக் கணினிப் பயிற்சி கொடுத்து அனுப்பிய கதைகள் போதும். எழுதியதை வாசித்துக் காட்டுங்கள், வெட்டச் சொன்னதை அவர் கண் முன்னாலேயே வெட்டுங்கள்.

தாளில் பெயர் வேண்டாம், ஒரு எண் போடுங்கள். எண்ணுக்குரிய பெயரை வேறு இடத்தில் பூட்டி வையுங்கள். போனில் பதிவு செய்யவும் வட்ஸ்அப்பில் அனுப்பவும் கூடாது. புலனாய்வுப் பிரிவிலிருந்து யாராவது ‘சும்மா ஒருக்காப் பாப்பம்’ என்று கேட்டால், எழுத்தில் கேட்கச் சொல்லி, நிறுவனத் தலைவருக்கும் சட்டத்தரணிக்கும் அனுப்பிவிடுங்கள். இது நடக்கும், ஆகவே என்ன பதில் சொல்வது என்பதை வேலை தொடங்கும் முதல் நாளே அலுவலகத்தில் எல்லாரும் பேசி முடிவெடுத்திருக்க வேண்டும்.

விடுதலையான முதல் மாதத்தில் கிழமைக்கு ஒருதரம், அதன்பிறகு மாதம் ஒருதரம் தொடர்பில் இருங்கள். சந்திப்பு அவருடைய வீட்டிலா, கோயிலடியிலா, உங்கள் அலுவலகத்திலா என்பதை அவரே சொல்லட்டும். ‘இனி வரத் தேவையில்லை’ என்று அவர் சொல்லும் நாளில் கோப்பை மூடி, தாள்களை என்ன செய்வது என்று அவரிடமே கேளுங்கள். வழக்கோ முறைப்பாடோ நிலுவையில் இருந்தால் அழிக்கக்கூடாது, சட்டத்தரணியின் சொற்படி வைத்திருக்க வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால், அவர் விரும்பினால், அவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.